ஓக் பார்க்கில் பழைய வீடு, ஒரே கார்: சரிப்பட்டு வருமா?

ஜனவரி 11, காலை: கேள்வி

சிகாகோவின் நகர மையமான லூப்பில் வேலை. இப்போது புறநகரான நேப்பர்வில்லில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் வருடத்தில் பாதி நாள் வந்து தங்கும் என் அம்மா. வீடு வாங்கலாம் என்றால் நண்பர்கள் எல்லோரும் நேப்பர்வில், அரோரா பக்கமே கைகாட்டுகிறார்கள். எனக்குச் சிகாகோவை மேற்கே ஒட்டியிருக்கும் ஓக் பார்க் மேல் ஆசை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, நாங்கள் வேலைக்குக் கிளம்பினால் அவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். கடைக்கும் பூங்காவுக்கும் தானாக நடந்து போய் வர ஒரு ஊர் வேண்டும். ஆனால் அங்கே பார்க்கிற வீடெல்லாம் நூறு வருடப் பழசு. ஒரே கார் வைத்துச் சமாளிக்க முடியுமா? குடியிருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு: ஓக் பார்க்கில் குடியிருப்பவரின் பதில்

முடியும். நாங்கள் பல வருடமாக ஒரே காரில்தான் இருக்கிறோம், வாரநாளில் அதுவும் பெரும்பாலும் கராஜில் கிடக்கும். ஆனால் "ஓக் பார்க்கில் வீடு" என்று பொதுவாகத் தேடாதீர்கள். ஊர் மொத்தமும் 5 சதுர மைலுக்குள் அடங்கிவிடும். கிழக்கே ஆஸ்டின் பூலவார்ட், மேற்கே ஹார்லம், வடக்கே நார்த் அவென்யூ, தெற்கே ரூஸ்வெல்ட் ரோடு, அதற்குள் 54,000 பேர். இவ்வளவு சின்ன ஊரில் எங்கே வாங்கினாலும் நடந்துவிடலாம் என்று தோன்றும். மே மாதத்தில் நடக்கலாம்.

ரயில் எங்கே ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஊரின் நடுவே, லேக் ஸ்ட்ரீட்டுக்குக் கொஞ்சம் தெற்கே, கிரீன் லைன் என்ற நகர ரயில் போகிறது. ஆஸ்டின், ரிட்ஜ்லேண்ட், ஓக் பார்க், ஹார்லம் என்று நாலு ஸ்டேஷன், லூப்புக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே ஐசனோவர் எக்ஸ்பிரஸ்வேயின் நடுவில் புளூ லைன். ஹார்லம் ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரா என்ற புறநகர் ரயில் நிற்கும், அது இன்னும் வேகம், ஆனால் நேரம் பார்த்துத்தான் போகவேண்டும். வடக்குக் கோடியில், நார்த் அவென்யூ பக்கம் வாங்கினால் கிரீன் லைனுக்கு ஒன்றரை மைல். அங்கே அழகான வீடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை, ஆனால் அங்கிருந்து தினமும் ரயிலுக்கு நடக்க முடியும் என்று யாராவது சொன்னால் அவர் ஜனவரியில் நடந்து பார்க்காதவர்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். வீட்டை ஞாயிறு மதியம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த மாதமே ஒரு வாரநாள் காலை 7 மணிக்கு, ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த வீட்டு வாசலிலிருந்து பிளாட்ஃபாரம் வரை நடங்கள். எந்த மூலையில் பனி அள்ளாமல் கிடக்கிறது, எந்தச் சந்திப்பில் கார்கள் நிற்காமல் திரும்புகின்றன, காற்று எந்தப் பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மேலே ஏறியதும் பொத்தானை அமுக்கினால் எரியும் ஹீட்டருக்கு அடியில் ஒரு கூட்டம் நெருங்கி நிற்கும். அங்கே போய் நின்று, நாளைக்கும் இப்படி வருவேனா என்று யோசியுங்கள். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்றால் ஒரே கார் போதும்.

ஜனவரி 12

பார்க்கிங் பற்றிச் சொல்லாமல் விட்டேன், அது முக்கியம். இரவு 2:30 முதல் காலை 6 வரை பொதுவாகத் தெருவில் கார் நிறுத்தக் கூடாது, அனுமதி வாங்கிய இடங்கள் தவிர. தனி வீடு என்றால் பின்சந்தில் கராஜ் இருக்கும், கவலை இல்லை. காண்டோ, அதாவது அடுக்ககத்தில் ஒரு வீடு, பார்க்கிறீர்கள் என்றால் பார்க்கிங் இடம் பத்திரத்திலேயே வீட்டோடு வருகிறதா, இல்லை மாதாமாதம் தனியாக எடுக்கவேண்டுமா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். சமையலறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கார் நிறுத்துகிற இடத்தைப் புதிதாக உண்டாக்க முடியாது. வார இறுதியில் விருந்தாளிகள் வந்து தங்கினால் அவர்கள் காருக்கும் இரவு அனுமதி வாங்கித் தரவேண்டியிருக்கும்.

ஜனவரி 13

நேற்றிலிருந்து இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், இந்த ஊர் மட்டும் எப்படி நடக்கிற ஊராக இருக்கிறது என்று. நல்ல கேள்வி. யாரும் உட்கார்ந்து அப்படித் திட்டம் போடவில்லை, ரயில் வந்த காலம் அப்படி.

1848-ல் சிகாகோவிலிருந்து மேற்கே போட்ட முதல் ரயில்பாதை இந்த இடத்தைத் தாண்டித்தான் போனது. இன்று மெட்ரா ஓடுவது அதே தடம். சிகாகோவின் 1871 பெரும் தீக்குப் பிறகு நகரத்தை விட்டு வெளியே வீடு தேடியவர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். அப்புறம் 1900-ஐ ஒட்டி, லேக் ஸ்ட்ரீட் வழியாகச் சிகாகோவின் உயர்பாதை ரயில் ஊருக்குள் வந்தது, ட்ராம்களும் வந்தன. அந்தக் காலத்தில் மனை பிரித்து விற்றவனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று: வாங்குகிறவர் தினமும் ஸ்டேஷனுக்கு நடக்கவேண்டும். அதனால் மனைகளைக் குறுகலாக, ஆழமாகப் பிரித்தார்கள், வீடுகள் நெருங்கி நின்றன, ஒரு ஸ்டேஷனைச் சுற்றி நடக்கும் தூரத்தில் நிறையக் குடும்பங்கள் சேர்ந்தன. அவர்களை நம்பித்தான் ஸ்டேஷன் வாசலில் கடைகள் வந்தன.

வீட்டின் முன்னால் நின்று பாருங்கள். தெருவிலிருந்து கராஜுக்குப் போகும் சிமெண்டுப் பாதை பெரும்பாலான பிளாக்குகளில் கிடையாது. கார், குப்பைத் தொட்டி, மின்கம்பம் எல்லாம் பின்சந்தில். அதனால் முன்பக்க நடைபாதை பிளாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டுப்படாமல் ஓடுகிறது. சின்னப் பிள்ளை மூன்று சக்கர சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னே போனால், பின்னோக்கி வரும் கார் எதுவும் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்காது. வயதானவர்களுக்கும் அதே நிம்மதி. நேப்பர்வில்லில் நீங்கள் இருக்கும் பக்கம் நடைபாதை இருக்கும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரைக் கவனிக்கவேண்டும். உங்கள் அம்மாவுக்காகக் கேட்டீர்கள் அல்லவா, அவருக்கு உதவப்போவது இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான்.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் 1889-ல் இங்கே தன் வீட்டைக் கட்டினார், 1898-ல் பக்கத்திலேயே ஸ்டூடியோவைச் சேர்த்தார், 1909 வரை இங்கே இருந்தார். லேக் ஸ்ட்ரீட்டில் அவர் கான்கிரீட்டில் கட்டிய யூனிட்டி டெம்பிள் என்ற தேவாலயம் 2019-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. உள்ளே ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள், மேலே இருந்து இறங்கும் வெளிச்சத்துக்காகவே. ஆனால் வீடு வாங்குகிறவர் ரைட் பெயரைத் துரத்தவேண்டாம். இந்த ஊரை ஊராக வைத்திருப்பது பெயர் தெரியாத மேஸ்திரிகள் கட்டிய சதுரமான இரண்டு மாடி வீடுகளும், மூன்று மாடிச் செங்கல் அடுக்ககங்களும்தான். அடுக்ககம் இல்லாவிட்டால் லேக் ஸ்ட்ரீட் கடைகளுக்கு ஆள் பத்தாது.

ஜனவரி 13, மாலை

"வரலாற்று மாவட்டத்தில் வீடு வாங்கினால் ஒரு ஆணி அடிக்க முடியாது" என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய வீடுகளைக் காக்க ஒதுக்கிய பகுதியைத்தான் வரலாற்று மாவட்டம் என்கிறோம். இப்படிச் சொல்லிச் சொல்லியே நிறையப் பேரை ஓடவைத்துவிடுகிறார்கள்.

இரண்டு விதமான பட்டியல் இருக்கிறது. வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு வீடு இருப்பதாலேயே, சொந்தப் பணத்தில் வேலை செய்கிறவரை மத்திய அரசு தடுக்காது. கட்டுப்பாடு வருவது உள்ளூர்ச் சட்டத்திலிருந்து. ஓக் பார்க்கில் ரைட் பெயரில் ஒன்று, ரிட்ஜ்லேண்ட் பெயரில் ஒன்று, தெற்கே வீடுகள் கட்டி விற்ற கண்டர்சன் பெயரில் ஒன்று என்று மூன்று மாவட்டங்கள் உண்டு. அங்கே அக்கறை எல்லாம் தெருவிலிருந்து தெரியும் முகப்பு, ஜன்னல், தாழ்வாரம், இடிப்பு இவை மீது. உள்ளே சமையலறையைப் புரட்டிப் போட்டாலும் அது உங்களுக்கும் கட்டட அனுமதித் துறைக்கும் இடையில் உள்ள விஷயம். முன்பக்க மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல் வைக்க நினைத்தால் மட்டும் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். பேசினால் வழி சொல்கிறார்கள், எனக்குச் சொன்னார்கள்.

அப்புறம், இதில் ஒரு லாபமும் இருக்கிறது, பலர் கேட்டே இருப்பதில்லை. இல்லினாயில் வரலாற்று வீட்டில் சொந்தமாகக் குடியிருப்பவர், வீட்டின் மதிப்பில் 25 சதவீதமாவது செலவழித்து, 24 மாதத்துக்குள், விதிப்படி புதுப்பித்தால், சொத்து வரிக்கான மதிப்பீட்டை 8 வருடம் அப்படியே உறையவைக்கிறார்கள். அடுத்த 4 வருடத்தில் படிப்படியாக ஏறும். பெரிய வேலை செய்யப் போகிற வீடு என்றால், முதல் சுத்தியல் விழுவதற்கு முன்பே விண்ணப்பத்தைப் பாருங்கள்.

ஜனவரி 16

பழைய வீட்டின் உள்ளுறுப்புகள். இதில் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான்.

பேஸ்மென்டில் தொடங்குங்கள். இங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகிற பழைய அமைப்பு. பெருமழை கொட்டினால் தெருக்குழாய் நிறைந்து, தரையில் உள்ள வடிகால் வாய் வழியாகப் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் ஏறலாம். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போட்டிருக்கிறதா, இல்லை குழாயையே மேலே ஏற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். சுவரோரம் தரையில் வெள்ளைப் பொடி படிந்த கோடு இருந்தால் ஈரம் வந்து போகிற இடம் என்று அர்த்தம். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் சாக்கடைக் குழாய் பெரும்பாலும் சுட்ட களிமண் குழாய், இணைப்புகளில் மர வேர் புகுந்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சாதாரண இன்ஸ்பெக்‌ஷனில் அதைப் பார்க்க மாட்டார்கள். இந்த ஊரின் பெரிய மரங்களைப் பார்த்து எல்லோரும் மயங்குவோம், அந்த மரங்களின் வேர்தான் குழாய்க்குள்ளும் வரும்.

அடுத்தது குடிநீர் இணைப்பு. பழைய வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே வரும் குழாய் ஈயமாக இருக்கலாம். மீட்டருக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்து வரும் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். மெத்தென்று, வெள்ளி போலப் பளபளத்தால் ஈயம். செம்பு என்றால் நிறமே சொல்லிவிடும். பெயின்டும் அப்படித்தான்: வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-ல்தான் தடை செய்தார்கள், அதனால் இங்கே ஏறத்தாழ எல்லா வீட்டிலும் அடியில் எங்கோ ஒரு பூச்சில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதிராத பெயின்ட் பரவாயில்லை. ஏற்றி இறக்கும் ஜன்னல்தான் கவனிக்கவேண்டிய இடம், ஒவ்வொரு உரசலுக்கும் தூசி உதிரும், சின்னப் பிள்ளை கை வைக்கும் உயரத்தில்.

மின்சாரம். பீங்கான் உருளையிலும் குழலிலும் தாங்கி இழுத்த பழைய வயர் மேல்மாடிக் கூரையடியில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வீட்டுக் காப்பீடு கிடைப்பதே சிக்கல்.

இத்தனையும் சொன்னபிறகு சொல்கிறேன்: எனக்கு அந்த வீடுகளை ரொம்பப் பிடிக்கும். எங்கள் மாடி ஜன்னல் ஒன்று திறந்தால் நிற்காமல் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டத்தின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் சுவருக்குள் ஒரு இரும்பு எடைக்கட்டி, அதைக் கட்டியிருந்த பருத்திக் கயிறு இற்றுப் போயிருந்தது, அவ்வளவுதான் கோளாறு. கடையில் கயிறு வாங்கி, கப்பி வழியாக விட்டு, பழைய முடிச்சு எப்படிப் போட்டிருந்ததோ அதேபோலப் போட்டேன். இப்போது ஒரு விரலால் ஏறுகிறது. நூறு வருடம் முந்தைய ஜன்னலை ஒரு மதியத்தில் சரிசெய்ய முடிகிறது, இரட்டைக் கண்ணாடிப் புது ஜன்னலின் சீல் போனால் கண்ணாடியையே மாற்றவேண்டும். குளிருக்கு வெளியே ஒரு ஸ்டார்ம் ஜன்னல் போட்டுவிட்டால் பழையதே போதுமான அளவு தாங்கும். ரேடியேட்டர் சூடும் அப்படி, காற்று அடிக்காமல் அறை முழுக்கச் சீராக நிற்கும். ஆனால் கோடைக்கு ஏசி குழாய் ஓட வழி இல்லை, அதற்குத் தனிச் செலவு.

ஜனவரி 19

சொத்து வரி. அதிகம். ஓக் பார்க்கில் குடியிருக்கிற யாரைக் கேட்டாலும் முதல் குறை இதுதான், நியாயமான குறை. பெரிய தொழிற்சாலையோ பெரிய மாலோ இல்லாத சின்ன ஊர், பள்ளி, நூலகம், பூங்கா எல்லாவற்றின் பாரமும் வீடுகள் மேல்தான்.

ஓக் பார்க் இருக்கும் குக் கவுன்டியில் இரண்டு தவணை. முதல் தவணை போன வருட மொத்த வரியில் 55 சதவீதம், இரண்டாவதில்தான் உண்மையான கணக்கு வரும். வரியை ஒரு வருடம் பின்தங்கிக் கட்டுகிறோம், அதனால் வீட்டைப் பதிவு செய்யும்போது விற்பவர் தன் காலத்து வரிக்கு உங்களுக்கு ஒரு தொகை கழித்துத் தருவார். அதை லாபம் என்று நினைத்துச் செலவழித்துவிடாதீர்கள், அடுத்த பில் உங்கள் பெயரில்தான் வரும். முதல் வருடமே குடியிருப்பவருக்கான விலக்குக்கு விண்ணப்பியுங்கள். விற்பவருக்கு முதியோர் விலக்கு ஏதாவது இருந்து பில் குறைவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள், அது உங்களுக்கு வராது.

இதைக் காருடன் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் வாதம். இரண்டாவது காரின் தவணை, காப்பீடு, பெட்ரோல், அது தின்னும் நேரம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வரியின் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்களுக்குக் கணக்கு ஏறத்தாழ நேராகிவிட்டது. உங்களுக்கு நேராகாமலும் போகலாம், ஒருவர் வேலை ஓக் புரூக், ஷாம்பர்க் மாதிரி வேறு புறநகரில் இருந்தால் கண்டிப்பாக நேராகாது.

ஜனவரி 20

பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் எங்கள் வீட்டில் மாறியது இதனால்தான். காலையில் யாரையும் யாரும் இறக்கிவிட வேண்டியதில்லை.

ஜனவரி 27

"ஆஸ்டின் பூலவார்ட் பக்கம் மட்டும் வாங்காதே, அந்தப் பக்கம் சரியில்லை" என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்டின் பூலவார்டுக்கு அந்தப் பக்கம் சிகாகோவின் ஆஸ்டின் பகுதி. 1960-களிலும் 70-களிலும் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இந்த ஊர் புரியும். கறுப்பினக் குடும்பம் ஒன்று தெருவுக்கு வந்ததும், தரகர்கள் வெள்ளையர் வீட்டுக் கதவைத் தட்டி, "விலை விழப் போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்" என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, புதிதாக வருகிறவர்களிடம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பிளாக் பிளாக்காக ஊர் மாறியது. வங்கிக் கடன் நின்றது, கடைகள் போயின. அடுத்தது ஓக் பார்க்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

ஓக் பார்க்கும் அதற்கு முன் நல்ல பெயரோடு இருந்த ஊர் அல்ல. பெர்சி ஜூலியன் என்ற வேதியியல் அறிஞர், சோயாவிலிருந்து ஹார்மோன் மருந்துகளுக்கு மூலப்பொருள் செய்யும் வழியைக் கண்டவர், கறுப்பினத்தவர், 1950-ல் ஈஸ்ட் அவென்யூவில் வீடு வாங்கினார். அவர் குடும்பம் குடிவருவதற்கு முன்பே வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த வருடம் வெடிகுண்டு எறிந்தார்கள். அவர் போகவில்லை. இன்று இங்கே ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர்.

1968-ல் வில்லேஜ், அதாவது ஊர் நிர்வாகம், நியாயமான வீட்டு வசதிச் சட்டத்தை நிறைவேற்றியது: நிறம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது. 1972-ல் ராபர்ட்டா ரேமண்ட் என்பவர் வீட்டு வசதி மையம் ஒன்றைத் தொடங்கினார். வாடகைக்கு வருகிறவர்களை, அவர்கள் வழக்கமாகக் கேட்கிற பக்கத்துக்கு மட்டும் அனுப்பாமல், ஊரின் எல்லாப் பக்கத்தையும் காட்டுவது அதன் வேலை. வீட்டு வாசலில் "விற்பனைக்கு" என்று போர்டு வைப்பதையும் நிறுத்தினார்கள், ஒரு தெருவில் நாலு போர்டு நின்றால் ஐந்தாவது வீட்டுக்காரருக்குப் பயம் பிடிக்கும் என்பதால். பின்னர் 1977-ல் வேறொரு ஊரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரித் தடை செல்லாது என்றபிறகும், இங்குள்ள தரகர்கள் தாங்களாகவே போர்டு வைக்காமல் இருந்தார்கள். 1978-ல் விலை விழுந்தால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்யும் திட்டம் ஒன்று வந்தது. புது வில்லேஜ் ஹாலை 1975-ல் மேற்கே வசதியான பக்கம் கட்டாமல் கிழக்குப் பாதியில், மேடிசன் ஸ்ட்ரீட்டில் கட்டினார்கள். நாங்கள் இந்தப் பக்கத்தைக் கைவிடப்போவதில்லை என்று செங்கல்லிலேயே சொன்ன மாதிரி.

நாம் இன்று மெச்சுகிற நடைபாதையும் கடைத்தெருவும் ரயிலால் மட்டும் நிலைக்கவில்லை. அதே ரயில் ஆஸ்டின் வழியாகவும்தான் ஓடுகிறது, அங்கேயும் அழகான பழைய வீடுகள் இருக்கின்றன. இங்கே ஆட்கள் ஓடாமல் நின்றார்கள், நிற்பதற்கு அவர்களுக்கு ஆதரவாக ஊர் நிர்வாகம் இருந்தது. ஆஸ்டினுக்கு நகர நிர்வாகம் அப்படி நிற்கவில்லை. நம் ஆட்கள் இந்த நாட்டில் தாராளமாக வீடு வாங்க முடிகிறது என்றால் அதுவும் இந்த மாதிரிச் சட்டங்களுக்குப் பிறகுதான். அதனால் "அந்தப் பக்கம் சரியில்லை" என்ற வாக்கியத்தை நம்மிடையே கைமாற்றிக்கொண்டே போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிழக்குப் பக்கம் போய் நீங்களே மாலையில் நடங்கள், அங்கே குடியிருக்கிறவர்களிடம் பேசுங்கள், பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் முடிவு.

பிப்ரவரி 2

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்போ இரவு கிரீன் லைனில் பயமே இல்லை என்கிறீர்களா" என்று கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு மேல் பெட்டி காலியாக இருக்கும், சிலர் புகைப்பார்கள், என் மனைவி தனியாக வந்தால் முதல் பெட்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறுவார். மெட்ரா இருந்தால் அதில் வருவார். இதையும் கணக்கில் வையுங்கள்.

புளூ லைன் பக்கம் விலை குறைவாகக் கிடைக்கும், கண்டர்சன் வீடுகள் அங்கேதான், கட்டுமானம் திடம். ஆனால் ஸ்டேஷன் எக்ஸ்பிரஸ்வேயின் நடுவில், பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் லாரி இரைச்சல், போன் பேச முடியாது. 1950-களின் கடைசியில் அந்தச் சாலையை ஊருக்குள் வெட்டிக்கொண்டு வந்தபோது தெற்குப் பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள், பாலத்தைத் தாண்டி நடக்கும்போது அது உடம்பில் தெரியும். காரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஹார்லம், ஆஸ்டின் இரண்டிலும் இறங்கும் வழி இடது பக்கம், வேகமான தடத்திலிருந்து. முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் வலதுபக்கம் காத்திருந்து தாண்டிப் போய்விடுவார்கள்.

பிப்ரவரி 9

இங்கே இல்லாதது. கோயில் இல்லை. அரோரா பாலாஜி கோயிலுக்கும் லெமான்ட் ராமர் கோயிலுக்கும் கார்தான். நம்ம ஊர்ச் சாமான் வாங்கச் சிகாகோவின் டெவான் அவென்யூ போகலாம், அதுவும் சுற்றுவழி. தமிழ்ப் பள்ளி வார இறுதியில் புறநகரில். நேப்பர்வில்லில் தெருவுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கும், நவராத்திரிக்கு மூன்று வீட்டுக் கொலு பார்த்துவிட்டு வரலாம். இங்கே அது கிடையாது. இதை யாரும் சின்ன விஷயம் என்று சொல்லவேண்டாம், என் மாமியாருக்கு முதல் வருடம் இதுதான் பெரிய குறை. அப்புறம் நூலகத்தைக் கண்டுபிடித்தார். லேக் ஸ்ட்ரீட்டில், ஸ்கோவில் பூங்காவை ஒட்டி, 2003-ல் திறந்த கட்டடம். பகலில் அங்கே போய் உட்கார்கிறார், வரும் வழியில் பூங்காவில் தினமும் பார்க்கிற ஒரு பாட்டியோடு பாதி சைகையில் பேசிக்கொள்கிறார். மே மாதத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் சர்ச் வளாகத்தில் உழவர் சந்தை கூடும், அவரே பையை எடுத்துக்கொண்டு போய் வெண்டைக்காய் கிடைக்கும் வாரங்களில் வெற்றிச் சிரிப்போடு வருவார்.

ஒரே கார் போதும் என்கிறேன், காரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

மார்ச் 2

கடைத்தெருவில் காரையே தடை செய்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்ற பேச்சு இங்கே நடந்துகொண்டிருக்கிறது. ஓக் பார்க்கில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1970-களில் லேக் ஸ்ட்ரீட்டின் முக்கியப் பகுதியை மூடி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். புறநகர் மால்களோடு போட்டி போட நினைத்தார்கள். 1980-களின் கடைசியில் மீண்டும் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, மக்கள் நடப்பது கார் இல்லாததற்காக இல்லை என்பதுதான். மருந்துக் கடை, தபால் நிலையம், முடிவெட்டும் கடை, ரயில் நாலும் ஒரே வழியில் இருந்தால் கார் பக்கத்தில் ஓடினாலும் நடப்பார்கள். மூடிய தெருவில் பரிசுப் பொருள் கடை மட்டும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூட்டம் வரும்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் நேற்று வந்து இரண்டு வீடு பார்த்தார், நானும் கூடப் போனேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஒன்று வடக்கே, பெரியது, புது சமையலறை, ரயிலுக்கு அரை மணி நடை. இன்னொன்று ரிட்ஜ்லேண்ட் ஸ்டேஷனிலிருந்து ஐந்து பிளாக், சின்னது, ஒரே ஒரு முழுக் குளியலறை, முன்தாழ்வாரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அவர் மனைவிக்கு முதலாவது பிடித்திருக்கிறது, காரணமும் நியாயம், ஐந்து பேருக்கு ஒரு குளியலறை காலையில் பத்தாது.

நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பேஸ்மென்டில் குழாய் ஏற்கெனவே ஓடுகிற மூலையில் இன்னொரு குளியலறை போடலாம், தாழ்வாரத்துக்கு அடித்தூண் மாற்றினால் போதும் என்று பார்த்தாலே தெரிகிறது, வரலாற்று மாவட்டம் என்பதால் அதே வடிவத்தில் மாற்றவேண்டும், அவ்வளவுதான். வடக்கு வீட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நகர்த்த முடியாது.

விலை பேசி கையெழுத்துப் போட்டதும் வக்கீல் பார்க்கவும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் சில நாள் அவகாசம் மட்டுமே இருக்கும், வழக்கமாக ஐந்து வேலைநாள். சாக்கடைக் கேமராக்காரரை இப்போதே பிடித்துவையுங்கள், வசந்த காலத்தில் அவர்கள் கிடைப்பதில்லை. குடிநீர் இணைப்பு என்ன உலோகம் என்று வில்லேஜில் பதிவு இருக்கிறதா என்று திங்கட்கிழமை போன் செய்து கேட்டுவிடுங்கள்.